சதுரங்கப்பட்டினத்தில் ஒரு நட்பு விடுப்பு

நட்பை உலகில் முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதற்கு முதன்முதலாகப் படிவம் அச்சடித்த பெருமை, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏழு மாடிகளில் இயங்கிவந்த அஷ்டதிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தையே சேரும்.

2005ஆம் ஆண்டு அது. ஊழியர்கள் வாடிப்போவதைக் கண்டு நிர்வாகம் மனம் உருகியது. வேலையைக் குறைப்பதா, ஆட்களைக் கூட்டுவதா என்று மூன்று கூட்டங்கள் போட்டு ஆராய்ந்து, இரண்டும் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவுசெய்து, 'நட்பு விடுப்பு' என்னும் திட்டத்தை அறிவித்தது. வருடத்துக்கு ஒரு நாள். அலுவலகத்தைச் சேராத ஒரு நண்பரோடு, அங்கீகரிக்கப்பட்ட ஓர் இடத்துக்குப் போய்ப் புத்துணர்ச்சி பெற்றுத் திரும்ப வேண்டும். நான்கு புகைப்படங்களும், ஒன்பது பக்கப் படிவமும், நண்பரின் கையெழுத்தும் கட்டாயம்.

டீம் லீட் ஆராவமுதன் எதிலும் முதலாவதாக வரும் சுபாவம் உள்ளவன். இடங்களின் பட்டியலைப் படித்தான். வரலாற்றுக்குப் பத்து மதிப்பெண், நீர்நிலைக்குப் பத்து. நந்தி மலைக்கு வெறும் ஆறு. 'கடலோர வரலாற்றுக் கோட்டை' மட்டும் இருபதுக்கு இருபது. பெங்களூரில் கடல் இல்லை என்பது பட்டியலின் குற்றமல்ல, பெங்களூரின் குற்றம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு ஏழு மணி நேரம் போய், ஏழு மணி நேரம் திரும்பினால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

அடுத்தது நண்பன். செல்போனில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் இருந்தன. அலுவலகத்தாரை நீக்கியபின் மூன்று மிஞ்சின: கேஸ் ஏஜென்சி, பீட்ஸா கடை, சில்வெஸ்டர்.

சில்வெஸ்டர் பெங்களூரு நீலசந்திராக்காரன். சொந்தமாக ஓர் இண்டிகா கார் வைத்துக் கம்பெனிகளுக்கு ஓட்டினான். ஆறு வருடத்துக்கு முன், காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பையோடு வேலை தேடி வந்த ஆராவமுதனை அவன்தான் தன் வீட்டு மாடி அறையில் பதினோரு மாதம் வைத்துக்கொண்டான். கறியும் மீனும் படாத தனிப் பாத்திரத்தில் இவனுக்குச் சமையல் நடந்தது. இன்டர்வியூவுக்குப் போகத் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, செருப்போடு பைக் ஓட்டிக் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான். அந்த வேலை கிடைத்த பிறகு ஆராவமுதனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"வரேன்டா குரு, சக்கத்தா, ஜாலியா போயிட்டு வரலாம்" என்றான் சில்வெஸ்டர் உடனே. "எனக்கும் உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். போன்ல வேணாம்."

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். ஆராவமுதன் ஓசூர் தாண்டுமுன் தூங்கி, வேலூரில் விழித்தான். புத்துணர்ச்சியின் முதற்கட்டம் நிறைவுற்றது. இட்லி சாப்பிட உட்கார்ந்ததும் சில்வெஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மச்சி, நான் சொன்னேன்ல, ஒரு விஷயம்…"

போன் அடித்தது. மனிதவளத் துறைத் தலைவி அலர்மேல்மங்கை. நட்பு விடுப்பில் இருப்பவர் திருட்டுத்தனமாக அலுவலக வேலை பார்த்துவிடாதபடி மணிக்கொருமுறை கண்காணிப்பது அவர் பொறுப்பு.

"ஆராவமுதன், ரிலாக்ஸா இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"ஃப்ரெண்டோட மனம் விட்டுப் பேசினீங்களா?"

"பேச ஆரம்பிச்சோம் மேடம். நீங்க கூப்பிட்டதால நிறுத்திட்டோம்."

"வெரி குட். அப்படியே கண்டினியூ பண்ணுங்க" என்றவர், உரையாடலின் தரத்தை ஐந்துக்கு எத்தனை என்று கேட்டு, அதை அளப்பது எப்படி என்று கால்மணி நேரம் விளக்கினார். இட்லி ஆறிப்போயிற்று. சில்வெஸ்டர் சாம்பாரைப் பார்த்தபடி இருந்தான். செங்கல்பட்டுக்கு முன் இன்னொருமுறை செருமினான். மறுபடி போன்.

கோட்டைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. செங்கல் மதில், வாசலில் பீரங்கி, மதிலுக்கு அந்தப்பக்கம் கடல். காவலாளி வெங்கடசாமி, வயதானவர், நல்ல மனிதர். காமிராவைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சிரிச்ச மாதிரி ஒண்ணு, இயல்பா பேசிட்டிருக்கிற மாதிரி மூணு" என்று ஆராவமுதன் படிவத்தைப் படித்துக் காட்டினான். "டேய், இயல்பா இரு. அவ்வளவு இயல்பா வேணாம், கையை என் தோள்ல போடு."

இயல்பான படம் பதினோராவது முயற்சியில் அமைந்தது.

வெங்கடசாமி கல்லறைப் பகுதியைத் திறந்துவிட்டார். சித்திர வேலை செய்த பெரிய கற்கள், புரியாத எழுத்து. "எங்கிருந்தோ கப்பல்ல வந்து இங்க செத்தவங்க சார். பொறந்த ஊரு யாருக்கும் மறுபடி பாக்கக் குடுத்து வைக்கல" என்றார். 'வரலாற்றிலிருந்து பெற்ற பாடம்' என்ற கட்டத்தில் ஆராவமுதன், "டீம் ரீலொகேஷன் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும்" என்று எழுதினான்.

சில்வெஸ்டர் மதில் மேல் ஏறிக் கடலைப் பார்த்து நின்றான். ஆராவமுதனும் ஏறினான். காற்று படிவத்தைப் பிடுங்கப் பார்க்க, அதை மடித்துப் பையில் வைத்தான். காலையிலிருந்து அவன் கை சும்மா இருந்தது அப்போதுதான்.

"எனக்குக் கல்யாணம்டா" என்றான் சில்வெஸ்டர், கடலைப் பார்த்தே. "பொண்ணு பேரு பிரிஜெட். எங்க பக்கத்துத் தெருதான், டெய்லரிங் சொல்லித் தரா. வர்ற இருபத்தி ரெண்டு, திங்கக்கிழமை, காலைல பத்து மணிக்குச் சர்ச்சுல. நீதான் மாப்பிள்ளைத் தோழனா எம் பக்கத்துல நிக்கணும். அண்ணன் தம்பி எனக்கு யாரு இருக்காங்க?"

ஆராவமுதன் அவனை இறுகக் கட்டிக்கொண்டான். சில்வெஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கீழே காமிராவோடு நின்ற வெங்கடசாமி அதைப் படம் பிடிக்கவில்லை. "ரெண்டு பேரும் அழுவுற மாதிரி இருந்துச்சு. சிரிக்கணும்னுதானே பேப்பர்ல போட்டிருக்கு?" என்றார்.

போன் அடித்தது. இந்தமுறை ஆராவமுதன் ஆவலாகவே எடுத்தான்.

"மேடம், இருபத்தி ரெண்டாம் தேதி எனக்கு ஒருநாள் லீவு வேணும். கல்யாணம்."

"யாருக்கு?"

"ஃப்ரெண்டுக்கு."

"அப்ப அது நட்பு விடுப்புலதான் வரும். வருஷத்துக்கு ஒண்ணு. இன்னிக்கு எடுத்துட்டீங்களே."

"இப்பவே திரும்பிட்டா கேன்சல் பண்ண முடியுமா மேடம்?"

"பாதிப் புத்துணர்ச்சி ஆயிடுச்சே, ஆராவமுதன். உறவுக்காரங்கன்னா யோசிக்கலாம். உங்களுக்கு அவர் உறவா?"

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த சில்வெஸ்டர் மெல்லச் சொன்னான்: "அண்ணன்னு சொல்லேன்டா."

ஆராவமுதன் வாயைத் திறந்தான். சில்வெஸ்டரின் காதுக்கு எட்டாதபடி சற்று விலகி நடந்தான். அதற்குள் அலர்மேல்மங்கை தொடர்ந்தார்: "அதுவும் இல்லாம, இருபத்தி ரெண்டு காலைல பத்து மணிக்குத்தான் 'நட்புச் சிகரம்' விருது விழா. இதுவரைக்கும் இருபதுக்கு இருபது நீங்க ஒருத்தர்தான். எம்.டி. கையால ஷீல்டு. வரலைன்னா அடுத்தவருக்குப் போயிடும். என்ன சொல்றீங்க, உறவா?"

கடல் இரண்டு அலை அடித்து ஓய்ந்தது.

"இல்ல மேடம்" என்றான் ஆராவமுதன். "ஃப்ரெண்டுதான்."

திரும்பி வந்து, "லீவு தர மாட்டேங்கறாங்கடா" என்றான். அது பொய்யல்ல. நிர்வாகத்தில் தேர்ந்தவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையைத் தேவையான இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள்.

"முழு நாள் வேணாம் மச்சி. ஒரு மணி நேரம். நானே வண்டி அனுப்பறேன்."

"பாக்கறேன்டா."

சில்வெஸ்டர், ஐந்து நிமிஷம் கடலில் கால் நனைக்கலாமா என்றான். படிவத்தில் அதற்கு மதிப்பெண் இல்லாததாலும் நேரமாகிவிட்டதாலும் கிளம்பிவிட்டார்கள்.

சாயந்தரம் வாணியம்பாடிப் பக்கம் டீக்கடையில் நிறுத்தியபோது, ஆராவமுதன் ஒன்பதாம் பக்கத்தை நீட்டினான். 'நண்பரின் திருப்தி: ஐந்துக்கு எத்தனை?'

சில்வெஸ்டர் பேனாவைத் திறந்தான். "உனக்கு எவ்வளவு வேணும்?"

"அஞ்சு."

ஐந்து போட்டுக் கையெழுத்திட்டான். மீதி வழியில் ரேடியோ பாடிக்கொண்டு வந்தது.

இருபத்தி இரண்டாம் தேதி காலை, அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஆராவமுதனும் சில்வெஸ்டரும் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் படம் ஆறடி உயரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. ஆராவமுதன் நட்பைப் பற்றி ஏழு நிமிடம் பேசினான். "வாழ்க்கையின் முக்கியமான தருணத்தில் நம் பக்கத்தில் நிற்பவனே நண்பன்" என்ற இடத்தில் அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. சட்டைப் பையில் போன் இரண்டு தரம் அதிர்ந்தது. ஒழுக்கமான ஊழியன், எடுக்கவில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நிர்வாக இயக்குநர் மஞ்சுநாத் ஷீல்டைக் கையில் கொடுத்து, அந்தப் பெரிய படத்தை ஒருகணம் பார்த்தார். "உங்க ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே? அவரும் பக்கத்துல நின்னா நல்லாருந்திருக்கும்."

"கூப்பிடலாம்னுதான் நெனச்சேன் சார்" என்றான் ஆராவமுதன். "அவனுக்கு இன்னிக்கு ஏதோ சொந்த வேலை."