விஜயராணி கொளுத்திய போகி

மரியாதைக்குரிய சம்பந்தி மதினி பார்வதியம்மாளுக்கு, தாராவியிலிருந்து சுயம்புக்கனி எழுதிக்கொண்டது. நீங்களும் அண்ணாச்சியும் சுகமாக இருக்க நாங்குநேரிப் பெருமாளையும் எங்கள் சுடலைச் சாமியையும் ஒருசேரக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். கை வரவில்லை. உங்கள் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

போனில் சொல்லலாமே என்பீர்கள். எங்கள் ஒற்றை அறையில் போன் பேசினால் விஜயராணி காதில் விழாமல் இருக்காது. அதோடு போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் பேச முடியாது.

கார்த்திகையில் அவளுக்கு நாலாம் மாசக் கரு கலைந்ததும் வந்தீர்கள். பிசான நெல் நடவு கிடக்கிறது என்று இரண்டு நாளில் ரயில் ஏறிவிட்டீர்கள். நான் அதை மறக்கவில்லை. கல்யாணப் பந்தியில் எங்கள் பக்கத்துக்கு அவியல் தீர்ந்தபோது, மாம்பழக் கலர் பட்டில் நின்றுகொண்டு, “பம்பாய்க்காரவுகளுக்கு அவியல் ருசி எங்க தெரியப்போவுது” என்று சொன்னீர்களே, அதையே மறக்காதவள் இதையா மறப்பேன்?

நீங்கள் போனபிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, “காரணம் கிடைச்சிட்டு அத்தை” என்றாள். பிளாஸ்டிக்காம். அது சோற்றில் இறங்கி, ரத்தத்தில் இறங்கி, வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போய்விடுமாம். அன்றைக்குச் சீப்பு போனது, மறுநாள் குளியல் மக்கு போனது, அப்புறம் வாளி, முறம், உப்பு டப்பா, பாப்பாவின் தண்ணீர் பாட்டில் என்று வரிசையாகப் போக, என் பேத்தி பித்தளைச் செம்பைத் தூக்கிக்கொண்டு இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போனாள். “ஆச்சி, ‘பூஜை பண்ண வந்தியா’ன்னு மேடம் கேட்டு கிளாஸே சிரிச்சுது” என்று அழுதுகொண்டே திரும்பி வந்தாள். பால் பாக்கெட்டில் வருகிறது, வேண்டாம். அரிசி பிளாஸ்டிக் சாக்கில் வருகிறது, வேண்டாம். சில்லறை எண்ணெய் வாங்க உங்கள் மருமகன் மாரிக்கண்ணனை எவர்சில்வர் தூக்கோடு மாட்டுங்காவுக்கு அனுப்பினாள். கடைக்காரன் பிளாஸ்டிக் கேனைச் சரித்துத்தான் தூக்கில் ஊற்றினான். மாரிக்கண்ணன் அதை என்னிடம் மட்டும் சொன்னான். நல்ல புருஷன்.

இது போதாதென்று அறையில் இருக்கிற விஷம் விலக வேண்டுமென்று கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுவாள். புகையில் எனக்கு அவள் முகம் தெரியாது, இருமல்தான் கேட்கும்.

எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளியிருப்பேன் மதினி. ஒருநாள் நான் பழைய பிளாஸ்டிக் கோடவுனில் வேலை முடிந்து வந்து பாப்பாவை மடியில் இழுத்தேன். “அத்தை, உங்க சேலையில அந்த பிளாஸ்டிக் வாடை அடிக்கி. புள்ளைய மடியில வச்சுக்கிடாதிய” என்றாள். உடைந்த வாளியும் மூடியும் தரம் பிரித்துத்தான் நான் மாரிக்கண்ணனை வளர்த்தேன். எனக்குக் கோபம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். வரவில்லை. சேலையைத் துவைத்துப் போட்டேன். மறுநாளும் துவைத்தேன்.

அப்புறம் போகி வந்தது. நம் ஊர்ப்பக்கம் போகிக்குக் கொளுத்துகிற பழக்கம் ஏது? இங்கே பக்கத்துச் சந்தில் வடஆற்காட்டுக்காரர்கள் கொளுத்துவார்கள், பார்த்துப் பார்த்து நம்மவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. பழைய பாயைப் போடுவாள் என்று நான் இருக்க, விடியுமுன்னே எழுந்து, கட்டிலுக்கடியில் மூட்டையாகக் கட்டிவைத்திருந்த அத்தனை பிளாஸ்டிக்கையும் வாசலில் குவித்துத் தீ வைத்துவிட்டாள். பித்தளைக் குடம் என்று பேசிவிட்டுச் சீரில் நீங்கள் வைத்தீர்களே ரோஸ் கலர் பிளாஸ்டிக் குடம், அதுதான் உச்சியில் இருந்தது. அது உருகிச் சரிந்ததைப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநிமிஷம் கரும்புகை சந்து முழுக்க இறங்கிவிட்டது. எதிர்வீட்டு சைனப், மகளுக்குப் பிரசவம் பார்த்து வைத்திருக்கிறவள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “ஏ விஜயராணி, புள்ளைக்கு மூச்சு முட்டுது! வெசத்த ஒழிக்கேன்னு வெசத்தையாட்டி கொளுத்துவா?” என்று கத்தினாள். அந்தக் குழந்தை இருமின சத்தத்தில் உங்கள் மகள் விறைத்துப்போனாள். குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரைத் தூக்கித் தீயில் ஊற்றினாள். அந்தச் சாம்பலிலேயே உட்கார்ந்து, “இந்தப் புள்ளையையும் கொன்னுருப்பேனே, இந்தப் புள்ளையையும் கொன்னுருப்பேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். மதினி, அந்த ‘உம்’மைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. இத்தனை நாளும் அவள் பிளாஸ்டிக்கோடு சண்டை போடவில்லை.

சைனபின் பேரனுக்கு ஒன்றுமில்லை, மத்தியானமே சிரித்து விளையாடினான். இவளுக்குத்தான் இருமல் நிற்கவில்லை. சயானில் டாக்டர் வந்தனாவிடம் கூட்டிப்போனேன். மாட்டுங்காப் பெண், பாலக்காட்டுத் தமிழ். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள்.

“பிளாஸ்டிக்க எரிக்கவே கூடாது. கொதிக்கற சாம்பார மெல்லிசுப் பையில வாங்காதீங்கோ, டப்பாவோட சுட வைக்காதீங்கோ. சாம்பிராணி போட்டா ஜன்னலத் திறங்கோ. இவ்வளவு பண்ணினா வீட்டுல போறும். மிச்சத்துக்கெல்லாம் பயந்துண்டு பட்டினி கிடந்தா, அந்தப் பட்டினிதான் முதல்ல உடம்பக் கெடுக்கும்.”

“அப்ப எம் புள்ள?”

“சீப்பாலயும் டப்பாவாலயும் போகலம்மா. நிறைய பேருக்கு இப்படி ஆறது. பல சமயம் ஏன்னு எங்களுக்கே தெரியறதில்ல. நீ பண்ணினதால இல்ல.”

“ஏன்னு தெரியலைன்னா நான் எதத் தூக்கி எறிய மேடம்?” என்று கேட்டாள் உங்கள் மகள். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிளாஸ்டிக் நல்ல சாமான் என்று நான் வாதாட வரவில்லை. உருக்குகிற ஷெட்டுப் புகையில் நின்று என் வீட்டுக்காரர் இருமினது எனக்குத் தெரியும். அதனால்தான் மகனை அந்தப் பக்கமே விடவில்லை. ஆனால் அந்தப் புகையும் பாப்பாவின் தண்ணீர் பாட்டிலும் ஒன்றில்லை என்று நான் சொன்னால், பிளாஸ்டிக்கில் பிழைத்தவள் பிளாஸ்டிக்குக்குத்தானே பேசுவாள் என்று பார்க்கிறாள். பெற்ற தாய் சொன்னால் கேட்பாள். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அறுப்பு, அது இது என்று சொல்லாமல் புறப்பட்டு வாருங்கள். வந்து அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னால் இனிமேல் முடியாது. ஒரு வாய் சோற்றுக்கு அவளிடம் கெஞ்சிக் கெஞ்சி என் மானமெல்லாம் போய்விட்டது.

அண்ணாச்சிக்கு என் வணக்கம். உங்கள் பசுவுக்கும் கன்றுக்கும் குறையில்லாமல் இருக்கட்டும். அவியல் விஷயம் நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் உங்களுக்கு என் வாழ்த்து.

இப்படிக்கு,
சுயம்புக்கனி

பின்குறிப்பு: வர வேண்டாம். தபாலில் போடச் சொல்லி மாரிக்கண்ணனிடம் கொடுத்தேன். அந்த மடையன் இதை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனான். விஜயராணி முழுக்கப் படித்துவிட்டாள். “எங்க அம்மைய இம்புட்டா வையுவிய?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பாப்பா ஸ்கூலிலிருந்து வருகிற வரைக்கும் என்மேல் சாய்ந்து அழுதாள். கலைந்த பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தாளாம். யாரிடமும் சொல்லவில்லையாம். என்னிடம் சொன்னாள். உங்களுக்கு எழுத மாட்டேன், அவள் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பாக்கெட் பாலைக் காய்ச்சிக் கொடுத்தேன், ஒன்றும் கேட்காமல் குடித்தாள். இப்போது நீங்கள் வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தைரியசாலியாக நிற்பாள். அவள் இங்கேயே இருந்து அழுது முடிக்கட்டும்.