டொக்கு அண்ணாத்த ஆம்ப் விற்காத கதை

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஓடுகிற கார்களில் பாதி, டொக்கு அண்ணாத்தயிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவை. மீதிப் பாதி, அவர் வைத்தியத்துக்குப் பயந்து வேறு வழியாகப் போனவை. கார் ஸ்பீக்கர் கடை வைத்துக்கொண்டு, கையில் பணத்தோடு, சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் வாங்க வந்தவனை வேண்டாம் போ என்று விரட்டிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான். சந்தேகமிருந்தால் உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில், ஒரு பஞ்சர் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே அவருடைய தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை உண்டு, பெயர்தான் வெயிலில் போய்விட்டது. எந்தக் கார் வந்தாலும் முதலில் கதவில் காதை வைத்து, நடுவிரல் முட்டியால் டொக், டொக் என்று தட்டுவார். நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற டாக்டர் மாதிரி நாலு கதவையும் தட்டி முடித்த பிறகுதான் சொந்தக்காரனை நிமிர்ந்தே பார்ப்பார். அதனால்தான் டொக்கு அண்ணாத்த. வேறு பெயர் அவருக்கு இருந்ததாக ரேஷன் கார்டு மட்டும் நம்பியது.

எனக்கு அப்போது சிறுசேரியில் வேலை, படூரில் ஃபிளாட். என் பழைய சின்னக் காரில் ஸ்பீக்கர்கள் கரகரவென்று தொண்டை கட்டிக் கிடந்தன. கொண்டுபோய் நிறுத்தினேன். தட்டினார். பிறகு, "இந்தக் கதவு கொர்ர்ருங்குது, அந்தக் கதவு ஞைஈங்குது" என்று வாயாலேயே செய்து காட்டினார். அச்சு அசலாக இருந்ததில் என் கை தானாகவே வால்யூமைக் குறைக்கப் போனது.

அரை நாள் வேலை. பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றினார். தகரம் அதிராமலிருக்க கதவுக்குள்ளே தார் வாசனை அடிக்கும் கறுப்பு ஷீட்டை ஒட்டினார். புது ஸ்பீக்கர்களை மாட்டினார். டெஸ்ட் பண்ண ஒரு பென் டிரைவைச் செருகினார். பாட்டு வரும் என்று நான் தலையாட்டத் தயாராக உட்கார்ந்திருந்தேன். வந்தது மீன் விலை.

கோவளம் கரையில் காலை நேரத்தில் அவரே போய்ப் பதிவு செய்தது. அலை, காக்கா, அலுமினியத் தட்டு விழுகிற சத்தம், நடுவே ஒரு பெண் குரல்: "வாங்கறதுன்னா தொடு, இல்லாங்காட்டி கைய எடு." நான் பதறி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவருக்குப் பரம திருப்தி.

"பாட்டு போட்டா எல்லா ஸ்பீக்கரும் நல்லாத்தான் சார் பாடும். இது எங்கூட்டுக்காரம்மா. அது குரலு அது குரலாவே வந்தாதான் ஸ்பீக்கரு."

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு ஈசிஆரில் முட்டுக்காடு வரை ஓட்டிப்போனபோது, இருபது வருடமாகக் கேட்ட பாட்டில் இப்படி ஒரு வீணை இருந்ததா என்று ஆச்சரியப்பட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். என் வினை, பக்கத்து பிளாக்கில் குடியிருந்தது. அந்த மனிதர் தன் காரில் ஆம்ப், டிக்கி நிறைய சப்வூஃபர் என்று வைத்திருந்தார். அவர் பேஸ்மென்ட்டுக்குள் நுழைந்தால் மற்ற கார்களின் அலாரமெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். எனக்கு வயிறு எரிந்தது. ஒரே வாரத்தில் டொக்கு முன்னால் போய் நின்று, ஆம்ப் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா என்று கேட்டேன்.

"வண்டில யாரு சார் வருவாங்க?"

"நானும் என் மிசஸும்."

"பேசிக்குவீங்களா?"

"பேசுவோம்."

"அப்ப ஆம்ப் இன்னாத்துக்கு?" என்று வேறு காரைத் தட்டப் போய்விட்டார்.

விடாமல் பின்னாலேயே போனேன். அப்போதுதான் அவருடைய சட்டம் தெரிந்தது. புது ஸ்பீக்கர் மாட்டினால் ஒரு மாதம் முழுசாகக் கேட்க வேண்டும். காது பழகும், ஸ்பீக்கரும் இளகும். மாதம் முடிந்து அப்பாலும் சத்தம் போதவில்லை என்றால் வரலாம், ஆம்ப் போடலாம். இந்த ஸ்பீக்கருக்கு வண்டியில் இருக்கிற பிளேயரே போதும் என்பது அவருடைய தீர்ப்பு. இரண்டாவது வாரமும் போனேன். விரல் விட்டு எண்ணி, இன்னும் பதினாறு நாள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது வாரம் என் வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே கரும்புச்சாறு குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வீட்டுக்கு வந்து, போன் மேப்பில் அவர் கடைக்குக் கீழே ஒரு விமர்சனம் எழுதினேன். ஒரே ஒரு ஸ்டார். ஸ்பீக்கர் வாங்கப் போனால் வஞ்சிரம் என்ன விலை என்று தெரிந்துகொண்டு வரலாம் என்று ஆரம்பித்தேன். கதவைத் தட்டுவார், உள்ளேயிருந்து யாரும் திறக்காததால் வேலை செய்ய மாட்டார் என்று நடுவில் போட்டேன். மீன் வாங்க நல்ல கடை, பை கொண்டு போகவும் என்று முடித்தேன். எழுதிவிட்டு நானே நாலு தடவை படித்துச் சிரித்தேன். அபார்ட்மென்ட் குரூப்பிலும் போட்டேன்.

ஐயோ, அது போன வேகம்! படூரிலிருந்து சிறுசேரி கேப் குரூப்புகளுக்குப் போனது. அங்கிருந்து செங்கல்பட்டில் இருக்கும் என் மச்சானுக்குப் போய், யாரோ எழுதினது, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று எனக்கே திரும்பி வந்தது. அதைப் படித்துவிட்டு, எழுதினது யார் என்று விசாரித்து என்னைப் பிடித்த ஒரு பத்திரிகைக்காரர் இப்படியே வாராவாரம் எழுதுங்களேன் என்றார். நீங்கள் இப்போது படிக்கிற இந்தப் பக்கம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். இவ்வளவு நாளாக இதை உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

ஆம்ப்பை ஓஎம்ஆரில் ஒரு ஏசி ஷோரூமில் மாட்டிக்கொண்டேன். அங்கே யாரும் கதவைத் தட்டவில்லை, காபி கொடுத்தார்கள். வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஸ்பீக்கரில் ஈஈஈ என்று ஒரு விசில். அதிகம் மிதித்தால் விசிலும் ஏறும். திரும்பிப் போய்ச் சொன்னேன், பழகிவிடும் சார் என்றார்கள். சத்தம் மட்டும் குறைவில்லை. என் மனைவி ஒரு வார்த்தை சொல்வதென்றால் சிக்னலில் நான் சத்தத்தைக் குறைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு சிக்னலிலும் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து, வீம்பை விழுங்கிக்கொண்டு டொக்குவைத் தேடிப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் மோமோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அண்ணாத்த எங்கே என்று பஞ்சர் கடைக்காரரைக் கேட்டேன். போனில் யாரோ கிண்டலாக எழுதிவிட்டார்கள், அப்புறம் வருகிறவனெல்லாம் மீன் என்ன விலை என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான், வேலை ஒன்றும் வரவில்லை, வாடகை கொடுத்துப் பார்த்தார், முடியவில்லை, மூடிவிட்டார் என்று டயரிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். இப்போது எங்கே இருக்கிறார் என்று அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை கோவளம் கரைக்குப் போனேன். அவர் மனைவியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த அம்மாக்கள் நடுவே முழித்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால், "வாங்கறதுன்னா தொடு" என்று குரல் வந்தது. என் காரில் கேட்ட அதே குரல், ஒரு இழை மாறவில்லை. அந்த மனிதர் மாட்டிய ஸ்பீக்கர் அவ்வளவு உண்மை பேசியிருக்கிறது.

பழைய கஸ்டமர் என்று சொல்லிக்கொண்டேன். சங்கரா மீனை அரிவாள்மனையில் வைத்துச் சீவிக்கொண்டே அந்த அம்மா பேசியது.

"எவனோ கட்டைல போறவன் போன்ல ஏதோ எய்திட்டான் சார். இருபது வருசக் கடை. இப்ப அந்தாளு கழுத்துல பட்டை மாட்டிகினு ஓஎம்ஆர் ஷோரூமுல நிக்குது, ஆம்ப் வேணுமா ஆம்ப் வேணுமான்னு கேட்டுகினு. வூட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது. அவன் மட்டும் என் கைல கிடைக்கணும்."

கட்டையில் போகிறவன் இரண்டு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் காருக்கு வந்தான். என்னைப் பற்றி இத்தனை வருடத்தில் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

மறுநாள் போனேன். அது நான் ஆம்ப் மாட்டிய அதே ஷோரூம். அண்ணாத்தயின் கழுத்தில் அட்டை, இன் பண்ணின சிவப்பு டி-ஷர்ட். டி-ஷர்ட் முழுக்க ஆம்ப் படம். என் காரைப் பார்த்ததும் வெளியே வந்தார். கை கதவு வரை போனது. உள்ளேயிருந்து மேனேஜர் பார்ப்பதைப் பார்த்ததும் விரலை மடக்கிக்கொண்டார். அந்த மடங்கின விரலைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"இன்னா சார், ஒரு மாசம் ஆச்சா?" என்றார்.

ராத்திரியெல்லாம் ஒரு பக்கத்துக்கு மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கடைசியில், "அண்ணாத்த, அதை எழுதினது நான்தான்" என்று மட்டும் வந்தது.

"தெரியும் சார். கீய உன் பேரு போட்டுகீதே."

ஆமாம். போட்டுத்தான் இருந்தது. ஊரெல்லாம் சுற்றியதில் என் பெயர் கழன்று போனது. முதலில் எழுதிய இடத்தில், அவர் கடைக்குக் கீழேயே, என் முழுப்பெயரும் போட்டோவோடு பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அவர் முதல் நாளே பார்த்திருக்கிறார்.

"ஒரு போன் பண்ணித் திட்டியிருக்கலாமே."

"இன்னாத்த திட்றது. பை எடுத்துகினு வாங்கன்னு போட்ட பாரு, அது நல்லாத்தான் இருந்துச்சு, நானே சிரிச்சிட்டேன். எங்கூட்டுக்காரம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. அரிவாமனைல வெச்சிரும்."

ஆம்ப்பைக் கழற்றித் தர முடியுமா என்று கேட்டேன். மாட்டுவதற்குத்தான் இங்கே சம்பளம், கழற்ற வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டாண்ட வா என்றார். போனேன். விசில் எதனால் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். பேட்டரியிலிருந்து வரும் ஒயரையும் பாட்டு வரும் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிரித்துப் போட்டால் ஆம்ப்பே நன்றாகப் பாடும் சார், வெச்சிக்கிறியா என்று நியாயமாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்காரம்மா எனக்கு டீ கொடுத்தது. நான் தலை நிமிரவில்லை.

விமர்சனத்தை அழித்துவிட்டேன். ஊர் சுற்றப் போனதை யார் அழிப்பது? கடை திரும்பி வரவில்லை, வரப்போவதும் இல்லை. வேறு இடம் பார்க்கலாம், என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். வயசாகிவிட்டது, வுடு சார் என்கிறார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறேன், கதவில் ஏதோ சத்தம் வருகிறது அண்ணாத்த என்கிறேன். ஒரு சத்தமும் வருவதில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து வந்து, காதை வைத்து, நாலு கதவையும் நிதானமாகத் தட்டிப் பார்க்கிறார்.