ஆமிக்காரர் கையை நீட்டினார்

எனக்கு ஆமி என்றால், அதாவது இராணுவம் என்றால், பயம். இதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. மொன்ட்ரியாலுக்கு வந்து இருபது வருடமான பிறகும், யாராவது பச்சைக் காற்சட்டையோடு எதிரே வந்தால் வீதியின் மறுபக்கம் போய்விடுவேன். அப்படிப்பட்டவனின் ஒரே மகள் பதினாறு வயதில் வந்து, "அப்பா, நான் ஆமியிலை சேரப்போறன்" என்றாள்.

பதினெட்டு ஆகாததால் என் கையெழுத்து இல்லாமல் சேர முடியாது. போடமாட்டேன் என்றேன். இரண்டு கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. சரி, முகாமுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன்.

போகும்போது மெத்ரோ ரயிலில் பாடம் நடத்தினாள்.

"இது ரிசேர்வ் அப்பா, முழுநேர ஆமி இல்லை. கிழமையிலை ஒரு பின்னேரம், இடைக்கிடை சனி ஞாயிறு. பத்துப் பேர் ஒரு செக்சன். மூண்டு செக்சன் ஒரு பிளட்டூன். அதுகள் சேர்ந்தா கொம்பனி, கொம்பனியள் சேர்ந்தா பட்டாலியன்."

"அப்ப ரெஜிமென்ட்?"

"அது குடும்பப் பேர் மாதிரி. நான் சேரப்போறது ஸ்கொட்லாந்துக் குடும்பம். ஒரே ஒரு பட்டாலியன்தான். விசேஷத்துக்குக் கில்ட் கட்டுவினம்."

(ஒற்றைப் பிள்ளைக்காரர், அதுவும் பாவாடை கட்டினவர்கள். அவ்வளவு மோசமாக இருக்கமாட்டார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.)

அந்தத் தைரியம் முகாம் வாசல்வரைதான் வந்தது. அங்கே பெற்றோரை வரவேற்க ஒரு சார்ஜன்ட் நின்றார். ஆறரை அடி. கில்ட்டுக்குக் கீழே நீளக் காலுறை, அதற்குள் செருகிய கத்தி. (அது அலங்காரமாம். பிறகுதான் சொன்னார்கள்.) உள்ளேயிருந்து பேக்பைப் வாத்தியம் திடீரென்று அலறியது. சார்ஜன்ட் பிரெஞ்சில் ஏதோ சொல்லி, என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

ஊரில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வளர்ந்தவன் நான். ஆமிக்காரர் கையை நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அதற்குமேல் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வைத்தேன். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி, இதுதான் இங்கே முறை போலும் என்று கைப்பையைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நின்ற கனவான் பாஸ்போட்டையே நீட்டினார். ஒரு நிமிடத்தில் சார்ஜன்டின் கையில் கடுதாசிச் சீட்டு விளையாடப் போதுமான அட்டைகள் சேர்ந்துவிட்டன. பாவம், "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேயிருந்தார்.

"அப்பா! அவர் கை குலுக்க நீட்டினவர்!" என்றாள் மகள்.

வலது கையை இறக்கினேன். இடது கை இறங்கவில்லை. மகள்தான் பிடித்து இறக்கினாள். சிரிக்கப்போகிறாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. சுவரோரத்து வாங்குப் பலகையில் என்னை இருத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"அங்கை ஊரிலை ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?" என்று கேட்டாள்.

"ஓம். பள்ளிக்கூடம் போகேக்கை ஒருக்கா, வரேக்கை ஒருக்கா."

இதையெல்லாம் அவளுக்கு நான் சொன்னதே இல்லை. என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்த விண்ணப்பத்தை அவள் நாலாக மடித்தாள். "வேண்டாமப்பா. வாங்கோ, வீட்டை போவம்."

எனக்குப் பயம் அப்போதும் போகவில்லை. ஆனால் பயந்தவன் ஒருவனுக்காகத் தன் ஆசையை மடித்து வைக்கத் தெரிந்தவளின் கையில் துவக்கு இருந்தால் பரவாயில்லை என்று பட்டது. விண்ணப்பத்தை வாங்கி விரித்து, கோழி கிண்டியது போல ஒரு கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அவள் கோப்ரல். சனி ஞாயிறு பயிற்சிக்குப் போனால் திரும்பிவரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிறு பின்னேரம் வாசல் மணி அடித்ததும் மனைவி குசினியில் சமைத்தபடியே, "ஆமி வந்திட்டுது, ஐசியை எடுங்கோ!" என்று கத்துவாள். (ஐசி என்றால் ஊரில் அடையாள அட்டை.) கதவைத் திறந்தால், மூட்டை முடிச்சோடு நிற்கிற மகள் தன் அடையாள அட்டையை என்னிடம் நீட்டுவாள். முன்னும் பின்னும் திருப்பி, படத்தையும் முகத்தையும் இரண்டு தரம் ஒப்பிட்டு, ஒரு காயமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விடுகிறேன்.