ரயில் வராத ஸ்டேஷனில் எனக்கோர் அறை

அறுபத்தெட்டாவது வயதில் நான் ஒரு ரயில் நிலையத்தை விலைக்கு வாங்கினேன். ஓய்வு பெற்ற மனுஷன் ரோஜாச் செடி வாங்குவான், நாய்க்குட்டி வாங்குவான். நான் முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன். வாங்குவதென்றால் எதிரியின் கோட்டையையே வாங்குவது என்று முடிவு கட்டினேன்.

யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில், ஆட்டுக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கிறது கிரிம்ஸ்வெயிட் ஸ்டேஷன். கடைசி ரயில் போய் அறுபது வருஷம் ஆகிறது. தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் நாங்கள் குடிவந்த மறுநாள் காலையில் பிளாட்பாரத்தில் நாலு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ரயில் வராதுங்க" என்றேன்.

"தெரியும். இவர் நிக்கிறதைப் பார்த்தோம், பின்னால நின்னுட்டோம்" என்றார்கள் மூன்று பேர்.

முன்னால் நின்றவரைக் கேட்டேன். மழைக்கு ஒதுங்கினாராம். மழை விட்டுப் பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. பின்னால் ஆள் நிற்கும்போது எப்படிப் போவது என்று மரியாதைக்கு நின்றிருக்கிறார்.

என் மனைவி மேவிஸுக்கு ஸ்கார்பரோவில், கடற்கரையோரம், தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்க ஆசை. ஸ்டேஷன் வாங்கலாம் என்று நான் சொன்னபோது ஒரு மாசம் சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்துத் தொண்டைக்கு மாத்திரையெல்லாம் வாங்கி வைத்திருந்தேன். அவள் ஸ்டேஷனைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கதவைத் திறந்து பார்த்தாள். "சரி" என்றாள். நாற்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் எனக்குச் சம்மதம் சொன்னது அது இரண்டாவது தடவை. முதல் தடவை சர்ச்சில், பாதிரியார் முன்னால்.

அவள் திறந்து பார்த்த கதவு எது என்று அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

அது பெண்கள் காத்திருக்கும் அறை. கதவுக் கண்ணாடியில் 'பெண்கள் மட்டும்' என்று பூ வேலையோடு செதுக்கியிருக்கும். உள்ளே ஒரு கன்றுக்குட்டியை நிறுத்திச் சுடலாம் போல ஒரு கணப்பு. மூன்று சுவரோரமும் ஆணி அடித்துப் பதித்த தேக்கு பெஞ்சுகள். மொத்த ஸ்டேஷனிலும் சூடு நிற்கிற அறை அது ஒன்றுதான். மற்ற இடத்திலெல்லாம் அடிக்கிற காற்றில் என் தொப்பி பறந்துபோய், இப்போது பக்கத்து மாவட்டத்தில் நிரந்தரவாசி ஆகிவிட்டது.

அந்த அறை எனக்கு வேண்டும். என் பொம்மை ரயிலுக்காக. பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம். இரண்டு சுரங்கம், ஒரு பாலம், பதினோரு பெட்டி. இருபது வருஷமாகப் பரணில் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டால் கச்சிதமாகப் பொருந்தும்.

காலைச் சாப்பாட்டில் பேச்சை ஆரம்பித்தேன்.

"மேவிஸ், அந்தக் கணப்பு அறையை என்ன பண்றதா யோசனை?"

"டிக்கெட் ரூமுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற சுவரை இடிச்சுடலாம், கண்ணு. பெரிய சமையலறை ஆயிடும். வியாழக்கிழமை மாதர் சங்கம் இங்கேயே ஜாம் கிளறலாம்."

மேவிஸ் என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்டால் கண்ணிவெடி மேல் கால் வைத்தாயிற்று என்று அர்த்தம்.

"எத்தனை பேரு?"

"பதினெட்டு."

"என் ரயிலு?"

"விளக்கு ரூம் காலியாத்தானே கெடக்கு?"

அந்தக் காலத்தில் ஸ்டேஷன் விளக்குகளை வைத்த விளக்கு ரூம் ஆறடிக்கு நாலடி. அதில் என் ரயில் நேராகப் போகலாம். திரும்பி வர முடியாது.

பக்கத்துப் பண்ணை சிரிலிடம் போய் அழுதேன். ஆடு வளர்க்கிறவன், ஆட்டைப் போலவே யோசித்து மென்று பேசுவான்.

"இடிக்க விடாத" என்றான்.

"யாரை, மேவிஸையா? நீ வந்து சொல்றியா?"

"நான் ஏன் சொல்லணும்? சர்க்கார் சொல்லும். பழங்கட்டடப் பாதுகாப்பு ஆபீசுக்கு ஒரு கடுதாசி போடு. வந்து பார்த்துப் பட்டியல்ல சேத்துட்டாங்கன்னா, அப்புறம் அவங்களைக் கேக்காம ஒரு ஆணி பிடுங்க முடியாது."

"வீட்டுக்காரன்தான் எழுதணுமா?"

"யாரு வேணும்னாலும் எழுதலாம். என் மாட்டுக் கொட்டாய்க்கே எவனோ எழுதிட்டான். கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்க ஏழு மாசமா காத்திருக்கேன்."

அன்று மத்தியானமே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அந்தச் சுவர் போனால் தேசத்தின் முதுகெலும்பே போயிற்று என்கிற மாதிரி எழுதினேன். என் கண்ணீர் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது. அழகாக இருந்ததால் அப்படியே விட்டேன். பெஞ்சுகளைப் பற்றி மூச்சு விடவில்லை. கீழே 'சரித்திரப் பிரியன்' என்று கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துக் கோட்டுப் பைக்குள் செருகினேன். மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் பையில் கை விட்டால் கடிதத்தைக் காணோம். நேற்றே போட்டுவிட்டேன் போலிருக்கிறது, வயசாகிறது அல்லவா என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரு மாசம் கழித்து மிஸ் ஆர்மராட் என்று ஓர் அதிகாரி வந்தாள். சின்னப் பெண். கையில் ஏடு, காதில் பென்சில், காலில் ரப்பர் பூட்ஸ். சுவரைத் தட்டினாள், முகர்ந்தாள், ஓர் இடத்தில் லேசாக நக்கிக்கூடப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். மேவிஸ் டீயும் இஞ்சிக் கேக்கும் கொடுத்துக்கொண்டே பின்னால் போனாள்.

"அருமையான சுவர். இதைத் தொடக் கூடாதுங்க" என்றாள் அந்தப் பெண்.

"அடடா" என்றேன் நான், இழவு வீட்டு முகத்தோடு. "மேவிஸோட சமையலறைத் திட்டம் போச்சே."

"சட்டம்னா சட்டம்தானே" என்றாள் மேவிஸ். அவள் குரலில் வருத்தமே இல்லை.

"பெஞ்சும் இருந்த இடத்துலயே இருக்கணும்" என்று அதிகாரி தொடர்ந்தாள். "இவ்வளவு முழுசா வேற எங்கயும் மிஞ்சலை. கதவுக் கண்ணாடி எழுத்தையும் மறைக்கக் கூடாது. எங்களுக்குக் கடிதம் எழுதின அந்தச் சரித்திரப் பிரியருக்குத்தான் நன்றி சொல்லணும். முதல் பக்கம் கொஞ்சம் அழுகாச்சியா இருந்துது. ரெண்டாவது பக்கம் பிரமாதம்."

"ரெண்டாவது பக்கமா?" என்றேன்.

"பெஞ்சுல எத்தனை ஆணி, எந்த ஆணி பழசு, கதவு எழுத்தை எப்படிக் காப்பாத்தணும், எல்லாம் படம் போட்டு எழுதியிருந்தாரே. கையெழுத்துகூட வேற மாதிரி, முத்து முத்தா."

நான் மேவிஸைப் பார்த்தேன். மேவிஸ் ஜன்னல் வழியாக ஓர் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆடும் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீ சமையலறை கேட்டியே?" என்றேன் மெதுவாக.

"டிக்கெட் ரூம்லயே கிளறிக்கலாம், கண்ணு. பதினெட்டு பேரு உக்காரத்தான் இடம் இல்லாம தவிச்சேன். பெஞ்சுல எத்தனை பேரு உக்காரலாம்னு எண்ணிப் பார்த்தேன், சரியா பதினெட்டு."

"நான் கணப்புகிட்ட ஓரமா நின்னுக்கறேனே?"

"கதவுல என்ன போட்டிருக்குன்னு படிச்சியா? மறைக்கவே கூடாதுன்னா, மீறலாமா? இவங்களையே கேளு."

மிஸ் ஆர்மராட் இஞ்சிக் கேக்கில் மூன்றாவது துண்டை மென்றபடி, சரித்திரப் பயன்பாடு தொடர்வது ரொம்ப விசேஷம் என்றாள். இஞ்சிக் கேக்குக்கு ஓர் அரசாங்கத்தையே கவிழ்க்கிற பலம் உண்டு.

அவள் கிளம்பும்போது மேவிஸ் பிளாட்பாரம் வரைக்கும் போய் வழியனுப்பினாள். நானும் போனேன், உள்ளே எனக்குத்தான் இடம் இல்லையே.

"ஒரே ஒரு சந்தேகம், கண்ணு" என்றாள் மேவிஸ், அவளிடம். "உள்ளே இருக்கிற எதையும் உங்களைக் கேக்காம வெளியே எடுக்கக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"இவரை?"

கடமை தவறாத பெண் அவள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பின்பக்கம் போயும் ஒரு தடவை பார்த்தாள். காதிலிருந்து பென்சிலை எடுத்து ஏட்டில் எழுதி, நான் படிக்கட்டும் என்று நீட்டினாள்.

'பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. சரித்திர மதிப்பு ஏதுமில்லை. அகற்ற அனுமதி தேவையில்லை.'