கொரிய வணக்கத்தின் தாம்பரம் முறை

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கொரியாக் கம்பெனி கார் தொழிற்சாலை கட்டப்போகிறது என்ற செய்தி தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. உடனே அதிகாரிகள் ஆழ்ந்து ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். இந்த வட்டாரத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் இருப்பதற்குக் காரணம் வேலை இல்லாதது அல்ல. மக்களுக்குக் கொரிய மொழி பேசத் தெரியாததுதான். எனவே, 'தொடக்கநிலைக் கொரிய உரையாடல் சான்றிதழ்' பெறாத எவரும் அந்தத் தொழிற்சாலை வாசலை மிதிக்கலாகாது என்று ஆணை பிறந்தது. சான்றிதழ் தரும் வகுப்பு மட்டும் பிறக்கவில்லை.

விடுவாரா தேவானந்தம்? அஸ்தினாபுரத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் நின்றாலும் முதல் உண்ணாவிரதம் அவருடையதுதான். இந்தி எதிர்ப்புக் காலத்தில் ரயில் நிலையப் பலகையில் தார் பூசிச் சிறையில் களி தின்றவர். எவன் முன்னாலும் குனியாத முதுகு என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்பவர். குரோம்பேட்டையில் அவர் வேலை பார்த்த பட்டறை மூடிவிட்டது. பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ் செய்த மகள் ஞானாம்பாளுக்கு அந்தக் கார் கம்பெனியில் வேலை கிடைத்தால்தான் இனி வீட்டில் அடுப்பு எரியும்.

ஆகவே, ஒரு மொழியைத் திணித்ததை எதிர்த்துச் சிறை சென்றவர், ஒரு மொழியை ஏன் இன்னும் திணிக்கவில்லை என்று கேட்டுத் தாம்பரம் பஸ் நிலையத்தில் பட்டினி கிடந்தார்.

"இன்னாண்ணா, அன்னிக்கு வேணாம்னே, இன்னிக்கு வேணுன்றே?" என்றார் டீக்கடை குப்பன்.

"அது கேக்காம வந்த மொழி. இது நாமளே கூப்புட்ற மொழி. அரசியல் புரியலன்னா டீயை ஆத்து."

அரசு பணிந்தது. கொரியன் தனி அலுவலராக ராஜகோபாலன் நியமிக்கப்பட்டார். அவருக்குக் கொரியன் தெரியாது. ஆனால் துறையிடம் ஒரு கொரியன் கேசட் இருந்தது. துறையிலேயே சொந்தமாக டேப் ரிக்கார்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் பாடம், வணக்கம். "அன்யோங் ஹசேயோ" என்றது கேசட். கூட வந்த புத்தகத்தில், 'இதைச் சொல்லும்போது குனிய வேண்டும்' என்று இருந்தது. எவ்வளவு குனிய வேண்டும் என்று இல்லை. ராஜகோபாலன் பொறுப்பான அதிகாரி. வகுப்பை நிறுத்திவிட்டு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். 'மேலோரை வணங்குவதில் இப்பகுதியில் நடைமுறையில் உள்ள அளவையே பின்பற்றுக' என்று பதில் வந்தது.

நடைமுறையில் உள்ள அளவு எது? அந்த வாரம்தான் சேலையூர் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டியைத் திறக்க ஓர் அமைச்சர் வந்திருந்தார். வரவேற்ற அதிகாரிகள் அத்தனை பேரும் வெட்டிய வாழைமரம்போலச் சாலையில் சாய்ந்தார்கள். ராஜகோபாலனின் சந்தேகம் அக்கணமே நீங்கியது. அப்போது அவரும் கீழேதான் இருந்தார்.

மறுநாள் முதல் கொரியன் வகுப்பு தரையில் நடந்தது. மாணவர்கள் குப்புற விழுந்து சிமெண்டைப் பார்த்து "அன்யோங் ஹசேயோ" என்றார்கள். இரண்டாம் பாடத்துக்கு யாரும் போகவில்லை. முதல் பாடமே அவ்வளவு வசதியாக இருந்தது. வெகு சீக்கிரம் சட்டையின் முன்பக்கத்தில் புழுதி ஒட்டியிருப்பது நாகரிகமாயிற்று. ஊரப்பாக்கத்தில் ஒரு தையல்காரர் முழங்காலில் பஞ்சு வைத்துக் 'கொரியன் பேண்ட்' தைத்தார். பெண் பார்க்க வந்த இடத்தில், "பையன் கொரியன் படிச்சிருக்கான்" என்றால், "எங்க, ஒரு தடவை விழச் சொல்லுங்க" என்று கேட்டுப் பார்த்துத்தான் தட்டை மாற்றினார்கள்.

ஞானாம்பாளும் விழத் தயாரானாள். பக்கத்தில் நின்ற தேவானந்தம் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"நம்ம குடும்பத்துல எவனும் எவன் கால்லயும் வுழுந்ததில்ல."

"வேலைக்குத்தானேப்பா?"

"மானம் முக்கியம்மா."

"சார், அப்ப உங்க பொண்ணு ஃபெயில்" என்றார் ராஜகோபாலன். ஞானாம்பாள் பின்சுவர் ஓரம் நிறுத்தப்பட்டாள்.

இந்த நிலையில் கம்பெனி மேலாளர் ஹான், சியோலிலிருந்து வந்து இறங்கியவர், வகுப்பைப் பார்க்க மரியாதைக்கு வந்தார். கொஞ்சம் தலை சாய்த்து, "அன்யோங் ஹசேயோ" என்றார். வகுப்பு அதிர்ந்தது.

"உச்சரிப்பு பரவாயில்லை. ஆனா இவருக்குக் கொரியன் வராது" என்று தீர்ப்பளித்தார் ராஜகோபாலன்.

"ஐயய்யோ, அவரு கொரியாக்காரரு சார்!" என்றாள் ஞானாம்பாள்.

"ஆணையில் 'எவரும்' என்று இருக்கு. கொரியாக்காரர் நீங்கலாக என்று இல்லையேம்மா."

தொழிற்சாலை வாசலில் காவலாளி ஹானைத் தடுத்தார். ஹான் திரும்பி வந்து, அவளுக்குப் பக்கத்தில் பின்சுவர் ஓரம் நின்றார். ஃபெயிலான இருவரும் வேறு வேலை இல்லாததால் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினார்கள். கொரியாவிலும் ஆளைப் பார்த்ததும் 'சாப்பிட்டாச்சா' என்றுதான் கேட்பார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாதிப் பயம் போயிற்று. "பாப் மொகொஸ்ஸயோ?" என்று கேட்டு எலுமிச்சம்பழச் சோற்றை நீட்டுவாள். தொட்டுக்கொண்ட ஊறுகாய்க்கு அவர் "மெவோயோ!" என்று அலறினால், காரம் என்று தெரிந்துகொள்வாள். கேசட்காரர்கள் தரையில் கிடந்த மாதங்களில், அவள் நின்ற இடத்திலேயே கொரியன் பேசக் கற்றுவிட்டாள். அதற்குத்தான் சான்றிதழ் கிடையாதே.

ஹானுக்கு நெருக்கடி முற்றியது. தொழிற்சாலை திறக்க அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். ஒரு காலை ஹான் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"இப்பத்தான் சார் உங்களுக்குக் கொரியன் வருது" என்று ராஜகோபாலன் நெகிழ்ந்தார்.

சான்றிதழ் பெற்றவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது. ஞானாம்பாளுக்கு இல்லை. தேவானந்தம் பட்டறைத் தோழர்களைத் திரட்டிக்கொண்டு, மகளோடு தொழிற்சாலை வாசலை முற்றுகையிட்டார். "குனிய மாட்டோம்! நிமிர்ந்து நிற்போம்!" என்ற கோஷம் ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டது.

ஹான் வெளியே வந்தார். வயதில் மூத்தவர் ஒருவர் எதிரே நிற்பதைக் கண்டார். கற்ற கல்வி வீண்போகவில்லை. தேவானந்தத்தின் காலடியில் சடாரென்று விழுந்தார். மேலாளரே விழுந்ததைக் கண்டு, வாசலில் சான்றிதழ் சரிபார்த்துக்கொண்டிருந்த ராஜகோபாலன் விழுந்தார். காவலாளி விழுந்தார். நாம் மட்டும் நின்றால் மரியாதை தெரியாதவன் என்பார்களே என்று தோழர்களும் கோஷத்தைப் பாதியில் விட்டு விழுந்தார்கள்.

தேவானந்தத்தின் உடம்பில் ஏதோ ஒன்று ஜிவ்வென்று ஏறியது. வலது கை தானாக உயர்ந்தது.

"நல்லாயிருப்பா" என்றார்.

கீழே இருந்தபடி ஹான் கொரியனில் ஏதோ சொன்னார். "நிஜமா கொரியன் பேசத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதானாம். மொழிபெயர்ப்பாளர் வேலை தரேங்கறார்ப்பா!" என்றாள் ஞானாம்பாள்.

"சான்றிதழ்?" என்று தரையிலிருந்து தலையைத் தூக்கினார் ராஜகோபாலன். "ஒண்ணும் பிரச்சினையில்லை. பெரியவர் யார் கால்ல விழுந்தாலும் பாஸ்தான். இங்கேயே விழட்டும், கையெழுத்துப் போட்டுத் தரேன்."

ஞானாம்பாள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு மறுப்பு வரும் என்று காத்திருந்தாள்.

தேவானந்தம் உயர்த்திய கையை இறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் காலுதானேம்மா? தப்பில்ல. வுழு."

"செருப்பையாவது கழட்டுங்கப்பா."

கழற்றலாம். ஆனால் அதற்குக் குனிய வேண்டும். குனிவது தேவானந்தத்தின் கொள்கைக்கு விரோதம். காலை மட்டும் நீட்டினார்.