அரை கிலோ கோகல்காய்

காய் என்று பெயர், குழம்புக்கு ஆகாது. சொந்த வீடு உண்டு, வாசற்கதவு கிடையாது. அது என்ன?

யோசித்துக்கொண்டே இருங்கள். நான் விடையைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தவன்.

அன்றைய வேலை இதுதான்: மாட்டுங்கா மார்க்கெட்டில் சட்னிக்குக் கொத்தமல்லி வாங்க வேண்டும். என் மனைவி கமலாவுக்குக் காலில் சுளுக்கு. அதனால்தான் பை என் கைக்கு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து கறிகாய் விஷயத்தில் அவள் என்னை நம்பியதே இல்லை.

"ஏன்னா, கொத்தமல்லி மட்டும். ஒழுங்கா வாங்கிண்டு வந்தா இனிமே மார்க்கெட் உங்களோடது."

பதவி! மழையில் ஏறக்குறைய ஓடினேன்.

கீரை விற்கும் மராத்திக்கார அம்மாள் ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "காகா, இஸ்மே கோகல்காய் ஹை" என்றாள். அதாவது, மாமா, இதில் கோகல்காய் இருக்கிறது.

சுரைக்காய் தெரியும். பூசணிக்காய் தெரியும். இது ஏதோ மழைக்காலத்துக் காய் போலிருக்கிறது. பம்பாயில் இத்தனை வருஷம் இருந்துவிட்டுத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"அச்சா! வோ பீ ஆதா கிலோ தே தோ" என்று அதிலும் அரை கிலோ கேட்டேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். பக்கத்து எலுமிச்சைக்காரரைப் பார்த்தாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏக் ஹீ ஹை, காகா. ஃப்ரீ!" ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம், அதுவும் இலவசமாம்.

கட்டு அப்படியே தொப்பென்று என் பைக்குள் விழுந்தது. ஓசிக் காய்! விசிலடித்துக்கொண்டே வீடு வந்தேன்.

"கமலா, கூடவே ஒரு புதுக் காய். கூட்டு பண்ணிப் பாரேன்."

அவள் பைக்குள் கையை விட்டாள். காய் கொம்பை நீட்டியது.

அவள் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட் மீராவும் அவளுடைய ஏழு வயது மகள் அனுவும் ஓடி வந்தார்கள். மீரா காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள்.

அனு பைக்குள் எட்டிப் பார்த்துக் குதித்தாள். "மாமா, கோகல்காய்னா மராத்தில நத்தை! இதுகூடத் தெரியாதா?"

எடுப்பதற்குக் கையை நீட்டினாள்.

"தொடாதே!" என்றாள் மீரா. "ஆப்பிரிக்க ராட்சச நத்தை. யாரோ எப்பவோ கொண்டுவந்தது. இப்போ மழை வந்தா எங்க பார்த்தாலும் இதான்."

"வந்தது வந்துடுத்து, இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"தனியா இருந்தாத் தேவலையே மாமா! எலிப் புழுக்கையில ஒரு புழு இருக்கும். இது புழுக்கையைத் தின்னுட்டு, அந்தப் புழுவைப் பேயிங் கெஸ்ட்டா உள்ளே வெச்சுக்கும். இது ஊர்ந்த இலையைப் பச்சையாச் சாப்பிட்டா, கெஸ்ட் நம்ம மூளைக்கு ஷிஃப்ட் ஆனாலும் ஆகும்."

கமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவருக்குப் பயமில்லை. புழு வந்தாலும் தங்க இடம் வேணுமே!"

கொத்தமல்லி குப்பைக்குப் போனது. கமலா சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நிறுத்தாமல் கழுவினாள். மீரா கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, காலேஜுக்கு எடுத்துப்போக நத்தையை ஊறுகாய் பாட்டிலில் போட்டு இறுக மூடினாள்.

கடைசியில் கமலா அனுவைக் கூப்பிட்டாள். "நீயே சொல்லு. என் கால் சரியாகற வரைக்கும் மார்க்கெட்டுக்கு யாரை அனுப்பலாம்?"

அனு என்னைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

பாட்டிலைக் காட்டினாள்.