பதிமூன்று அங்குலம்

"பதிமூணு அங்குலம்னு சொன்னியே, எங்கய்யா உன் பதிமூணு?" என்று கேட்டார் பெரியவர்.

அங்குலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கைத்துப்பாக்கிக் குண்டு ஜெலட்டின் கட்டியின் இந்தப் பக்கம் நுழைந்து, பதினாறு அங்குலத்தையும் கடந்து, அந்தப் பக்கமாகப் போயே போய்விட்டது. மனித உடம்புக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கிற கட்டி அது. அதிலிருந்த ஓட்டையில் அவர் பேனாவை விட்டுப் பார்த்தார்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அங்குலம் என்றுதான் பட்டப்பெயர். குண்டின் எடையையும் வேகத்தையும் கொடுத்தால் போதும், எவ்வளவு ஆழம் போகும் என்று பேனாவாலேயே சொல்லிவிடுவேன், சுட்டுப் பார்ப்பதெல்லாம் வெட்டிவேலை என்று தலைமை அதிகாரியான பெரியவரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். கணக்கு பலித்தால் பதவி உயர்வு. பலிக்காவிட்டால் எலிகள் குடித்தனம் நடத்தும் சாட்சிப் பொருள் கிடங்குக்கு மாற்றல். அவர் மனைவியோ, பதவி கிடைத்துவிட்டதாகவே தங்கை வீட்டுக்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

"புழுக்கம் சார், கட்டி இளகியிருக்கும். பின்னாடி இன்னொண்ணு வைப்போம்" என்று சமாளித்தார் அங்குலம்.

"முதல்ல சின்ன ரவைக் குண்டு ஒண்ணு சுட்டு, கட்டி பதமா இருக்கான்னு பார்த்துரலாமா சார்? அதானே வழக்கம்?" என்றார் சுடுபவர்.

"என் கணக்கு இருக்கும்போது அதெல்லாம் எதுக்கு? நீங்க சுடுங்க."

டமார்!

குண்டு இரண்டு கட்டிகளையும் துளைத்து, பின்னால் இருந்த மணல் மூட்டையைக் கிழித்தது. கிட்டே போய்ப் பார்த்த பெரியவரின் புது ஷூவுக்குள் மணல் பொலபொலவென்று இறங்கியது.

"இது கைத்துப்பாக்கியா, பீரங்கியாய்யா?" பெரியவர் அலறினார். "போன வாரம் கோர்ட்டுக்கு நீ அனுப்பின அறிக்கையும் இந்த லட்சணம்தானா?"

அந்த அறிக்கையை அங்குலம் மறந்தே போயிருந்தார். கணக்கில் பிசகு இல்லை என்று உள்மனம் சொன்னது. ஆனால் இரண்டு ஓட்டைகள் கண்ணெதிரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றனவே! வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன் கணக்கையே சந்தேகப்பட்டார். பேனாவை எடுத்தார்.

"கட்டி குண்டைத் தடுக்கிற சக்தியைக் கூடுதலா எடுத்துட்டேன் சார். அது மூணுல ஒரு பங்குதான் இருக்கணும். இப்ப முப்பத்தொன்பது அங்குலம் வருது."

"வரலைன்னா?"

"நானே கிடங்குக்குப் போயிடறேன் சார்."

ஃப்ரிட்ஜிலிருந்து புதிதாக மூன்று கட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார்கள். அங்குலம் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் டமார்! சுடுபவர் அளவுகோலோடு ஓடினார்.

"முப்பத்தொன்பது சார்! நூல் பிசகல!"

பெரியவர் அங்குலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கெட்டிக்காரன்யா நீ! இத்தனை நாளா ஊர் உலகத்துல எல்லாரும் தப்பாத்தான் கணக்குப் போட்டிருக்காங்க!"

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. திருத்திய கணக்கு, அங்குலத்தின் கையெழுத்தோடு எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் பறந்தது. போன வார அறிக்கை தப்பு என்று அவரே தன் கைப்பட எழுதி, அதையும் கோர்ட்டுக்கு அனுப்பிவைத்தார். மனைவிக்குப் போன் போட்டுப் பதவி உறுதி என்றார்.

டீ கொண்டுவந்த கேண்டீன் அக்கா தட்டை வைத்துவிட்டுப் போகாமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்னம்மா?" என்றார் பெரியவர்.

"திட்டாதீங்க சார், நேத்து உங்க பிறந்தநாளுக்கு இனிப்பு பத்தலைன்னு ஃப்ரிட்ஜில இருந்த கட்டியையெல்லாம் எடுத்துப் பாகு ஊத்திப் பரிமாறிட்டேன்; அதுக்குப் பதிலா நான் அதே அச்சுல கடல்பாசியைக் காய்ச்சி வச்சேனே, அது குண்டுக்குத் தாங்குச்சா சார்?"